ஹாஜரா பீவி மூடிப் பார்க்காத லேப்டாப்

தென்காசியில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், பாத்திரக் கடையை ஒட்டி ஒரு மாடிப்படி ஏறுகிறது. நல்ல செங்குத்து. படி திரும்புகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். மேலே லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஹாஜரா பீவி போட்டுவைத்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போய் வருகிறவன் ஏற்கெனவே நொந்துபோய்த்தான் வருவான், படியும் சேர்ந்து அவனை நோகடிக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. கடை வாசலில் நாற்காலி போடுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. படி நடுவில் போட்டவர் இவர் ஒருவர்தான்.

பிறந்தது புளியங்குடி. எலுமிச்சை மண்டிக்குப் பக்கத்து வீடு. கட்டிக்கொண்டு வந்தது தென்காசி. கணவர் மைதீனுக்குக் கடைத்தெருவில் குடைக்கடை. சாரல் காலம் வந்துவிட்டால் வீட்டில் இரண்டு பேருக்குமே வியாபாரம்தான். குடை வாங்கியவன் மைதீன் கடைக்கும், குடை வாங்க மறந்தவன் நனைந்த லேப்டாப்போடு ஹாஜரா கடைக்கும் போகிறான் என்று மைதீன் எல்லோரிடமும் சொல்லுவார். நூறு தடவை சொல்லியிருப்பார். ஹாஜரா பீவியும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு பாராட்டு வைக்கலாம்.

இந்தத் தொழிலை யாரும் அவருக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை என்ன தெரியுமா? காலையில் வந்து கடையைத் திறப்பது, சாயங்காலம் மாணவர்கள் போன பிறகு எல்லாக் கம்ப்யூட்டரையும் ஷட் டவுன் செய்துவிட்டுப் பூட்டுவது. வேறு யாராக இருந்தாலும் வரிசையாக அழுத்திவிட்டுச் செருப்பை மாட்டியிருப்பார்கள். ஹாஜரா பீவி அப்படிப் போனதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் விளக்கு அணைகிறதா என்று பார்ப்பார், கையை வைத்து உள்ளே காற்றாடி நின்றுவிட்டதா என்று தடவிப் பார்ப்பார். ஏதாவது ஒன்று அணைய மறுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தால் விடமாட்டார். எந்தப் புரோகிராம் வழிமறிக்கிறது, எது மூடாமல் கிடக்கிறது என்று நோண்டிக் கண்டுபிடித்து, அதை அடக்கி அணைத்த பிறகுதான் பூட்டு. மைதீன் வெளியே குடையோடு நின்று நின்று காலே மரத்துப்போகும். ஆரம்பிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒழுங்காக முடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஹாஜரா பீவி தொழிலைக் கற்றது முடிக்கிற பக்கத்திலிருந்து.

இன்னொரு குணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். நம் பக்கத்தில் பொட்டு வைக்காத மிஷின் கிடையாது. டிராக்டர், தையல் மிஷின், மாவு மில், பஸ் ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனமும் குங்குமமும் உண்டு. லேப்டாப் மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்கும் வைப்பார்கள். ஹாஜரா பீவி கடைக்கு வருகிற லேப்டாப்பில் பாதிக்கு மேல் எங்காவது ஒரு பொட்டு இருக்கும். தூசி ஊதுவதற்கு முன்னால் அவர் ஒரு சின்னக் காகிதத் துண்டை வெட்டி, அந்தப் பொட்டு கலையாதபடி மேலே ஒட்டிவிடுவார். துடைப்பதெல்லாம் துடைத்து முடித்த பிறகு காகிதத்தை எடுப்பார். பொட்டு வைத்தபடியே இருக்கும். இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கொடுத்தவர்கள் வாங்கும்போது தாங்களாகவே கவனித்து, மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். இந்த ஊரில் ஒருவருக்கொருவர் இப்படித்தான் இருந்துகொள்கிறோம், பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், குற்றாலத்தில் சீசன் பிடித்த நேரம், வடகரை சங்கரபாண்டி ஒரு லேப்டாப்போடு மாடி ஏறினார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வயலும் தென்னந்தோப்பும் பார்க்கிறார். நடுவிலிருந்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது தனக்கானது இல்லை என்பதுபோல நேராக ஏறி வந்தார். மகள் சண்முகப்பிரியாவின் படிப்புக்காக மிலிட்டரி கேன்டீனில் வாங்கிய லேப்டாப். இது ஷட் டவுனே ஆக மாட்டேன் என்கிறது என்றார்.

விவரம் கேட்டார் ஹாஜரா பீவி. சங்கரபாண்டி வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் லேப்டாப்பும் முடிந்தது. மகள் எழுந்துகொள்ள வேண்டும். அணைப்பது அவர் வேலை. தானே ஷட் டவுன் கொடுத்து, கூடத்து மேசையில் சாமி படங்களுக்குக் கீழே வைத்து, துண்டு போட்டு மூடிவிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பொட்டும் வைப்பார். ஆன் பண்ணுகிற பொத்தான்தானே அதற்கு நெற்றி என்று அவராகவே ஒரு கணக்கு வைத்திருந்தார். இப்போது கொஞ்ச நாளாகக் காலையில் துண்டை எடுத்தால் லேப்டாப் சுடுகிறது, சார்ஜ் ஏறக்குறைய முழுக்க இறங்கிக் கிடக்கிறது. ராத்திரி யாரும் தொடவில்லை என்று மகள் சொல்கிறாள். அப்படியானால் மிஷினில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று இங்கே கொண்டுவந்திருக்கிறார். நியாயமான மனிதர்தான்.

ஹாஜரா பீவி பார்த்தார். சில லேப்டாப்புகளில் ஷட் டவுன் கொடுத்தாலும் மிஷினை இயக்குகிற ஓ.எஸ். முழுதாகத் தூங்காது, மறுநாள் சீக்கிரம் எழும்புவதற்காக ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு படுக்கும். அந்த வசதியின் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அதை நிறுத்தினார். நிலுவையில் கிடந்த அப்டேட்டுகளை முடித்தார். ஷட் டவுன் செய்தார், விளக்கு அணைந்தது, கை வைத்துப் பார்த்தார், காற்றாடி நின்றிருந்தது. காகிதத் துண்டை ஒட்டித் தூசியும் ஊதிக் கொடுத்தார்.

ஒரு வாரம் போகவில்லை, சங்கரபாண்டி மறுபடி வந்து நின்றார். இந்தத் தடவை மவுஸ் ஆடினால் எழும்பக்கூடாது, வைஃபை தட்டினால் எழும்பக்கூடாது என்று ஒவ்வொரு கதவாகச் சாத்தினார் ஹாஜரா பீவி. பின்னணியில் ஓடுகிற புரோகிராம்களையெல்லாம் நிறுத்தி, ஒன்றொன்றாகத் திரும்பச் சேர்த்துச் சோதித்தார். கடையில் எத்தனை தடவை அணைத்தாலும் சமர்த்தாக அணைந்தது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி, கடைக்கு வந்தால் ஒரு குறையும் காட்டவில்லை. வடகரைக்குப் போனதும் மறுபடி ராத்திரியெல்லாம் விழித்திருந்தது.

மூன்றாம் தடவை வந்தபோது ஹாஜரா பீவிக்கே ரோஷம் வந்துவிட்டது. லேப்டாப் எப்போது அணைந்தது, எப்போது ஆன் ஆனது என்பதை ஓ.எஸ். தானே பதிந்துவைத்துக்கொள்ளும். அதைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு ராத்திரியும் லேப்டாப் ஒழுங்காக அணைந்திருக்கிறது. அணைந்த கையோடு மறுபடியும் ஆன் ஆகியிருக்கிறது. தானாக ஆன் ஆகிற வழியையெல்லாம் அவரே அடைத்திருந்தார். மிச்சம் இருப்பது ஒரே ஒரு வழி. ஒரு கை பொத்தானை அழுத்த வேண்டும்.

"மிஷின் மேல தப்பே இல்ல அண்ணாச்சி. அது ஒழுங்காத்தான் அணையுது. நீங்க அணைச்ச பெறவு யாரோ ஆன் பண்ணுதாங்க" என்றார். மூன்று தடவை அலைக்கழித்த கோளாறின் வாலைப் பிடித்துவிட்ட சந்தோஷம் குரலில் இருந்தது.

சங்கரபாண்டி பையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்டார்.

"நிச்சயமா அண்ணாச்சி."

அவர் லேப்டாப்பைப் பைக்குள் வைத்து, ஜிப்பை முழுவதும் இழுத்து மூடிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

நாலைந்து நாள் கழித்து அவர் மனைவி ஆனந்தவள்ளி வந்தார். சார்ஜர் ஒயர் வேண்டும் என்று கேட்டார். எடுத்துக் கொடுத்த ஒயரை வாங்காமல், சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றார். ஹாஜரா பீவி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் எல்லாம் வந்துவிட்டது.

சண்முகப்பிரியாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியும் உண்டு. வருகிற வாரம் போய்ச் சேர வேண்டும். மகள் பெட்டி எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. அன்று லேப்டாப்போடு வீட்டுக்கு வந்த சங்கரபாண்டி, மகளை ஒரு அடி அடிக்கவில்லை, ஒரு சத்தம் போடவில்லை. பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். வீட்டுக்குள்ளேயே எங்களுக்குத் தெரியாமல் ராத்திரியில் ஆன் பண்ணிவிட்டு, நான் தொடவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவளைக் கோயம்புத்தூரில் யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்டார். அதோடு முடிந்தது பேச்சு. மகள் சாப்பிடுவதில்லை, அழுவதும் இல்லை. நான் தொடலம்மா, நான் தொடலம்மா என்று இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

"அவ சொல்லுதது பொய்யின்னு எனக்குத் தோணல. ஆனா நீங்க நிச்சயமாச் சொன்னதா அவங்க சொல்லுதாங்க. நீங்களே ஒரு போன் போட்டு, மிஷின்லதான் கோளாறு, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிருங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார் ஆனந்தவள்ளி.

ஹாஜரா பீவியின் கண் மேசையில் கிடந்த போனுக்குப் போனது. சொல்லிவிட்டால் என்ன? ஒரு வாய் வார்த்தை. ஒரு பெண் படிக்கப் போய்விடும். நாமாக இருந்தால் அந்த நிமிஷமே போனை எடுத்திருப்போம், நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கியும் இருப்போம். ஹாஜரா பீவி அப்படிச் செய்யாததுதான் இந்தக் கதை.

"நான் பொய் சொல்லிக் காப்பாத்துனா, அவ பொய் சொன்னவதான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்மா" என்றார். "அவ தொடலன்னு சொல்லுதா. அப்ப யாரு தொட்டதுன்னு கண்டுபிடிக்கணும். ரெண்டு நாள் குடுங்க."

ஆனந்தவள்ளி ஒயரை வாங்காமலே போனார். அவர் போன பிறகு ஹாஜரா பீவிக்கு வேலை ஓடவில்லை. தான் பார்த்தது உண்மை. அணைந்ததும் ஆன் ஆனதும் பதிவில் இருக்கிறது. தான் பார்க்காதது, யார் என்பது. பார்த்ததற்கும் பார்க்காததற்கும் சேர்த்து நிச்சயம் என்று சொல்லிவிட்டோமே, அந்த ஒரு வார்த்தை ஒரு பெண்ணின் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டதே என்று மனது அடித்துக்கொண்டது. மைதீனிடம் சொன்னபோது, நீ உள்ளதைத்தானே சொன்னாய் என்று தேற்றினார். ஹாஜரா பீவிக்கு மனது தேறவில்லை.

மறுநாள் குற்றாலத்தில் வேலை. ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜ். சீசன் முடியும்வரை அங்கே பில் போடுகிற லேப்டாப் தகராறு பண்ணாமல் இருக்க வேண்டும் என்பதால் அடிக்கடி கூப்பிடுவார்கள். மேனேஜர் செல்லப்பா கவுன்டரில் உட்கார்ந்திருந்தார். எதிரே உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நாலு பேர் அறை கேட்டு நின்றார்கள், குளித்து வந்த இன்னொரு கூட்டம் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே புகுந்தது. வெயிலும் அடிக்காமல் மழையும் பெய்யாமல் சாரல் வாசல் வழியே புகைபோல வந்துகொண்டிருந்தது. செல்லப்பா ஷட் டவுனை அழுத்தினார். அழுத்திய கையோடு லேப்டாப்பை டப்பென்று மூடி, ஹாஜரா பீவி பக்கம் தள்ளினார்.

இப்படி யாராவது செய்தால் அவருக்குப் பொறுக்காது. விளக்கு அணைந்ததா என்று பார்க்காமல் ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார்.

"மூடாம வச்சா சாரல் உள்ள போயிரும்லாக்கா" என்றார் செல்லப்பா. "அணைச்சா மூடத்தானே செய்வாங்க?"

ஹாஜரா பீவி அந்த லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். அணைத்தால் எல்லோரும் மூடுவார்கள். அவர் மூடுவதில்லை. தொழில் கற்றது மேசைக் கம்ப்யூட்டரில். அதற்கு மூடியே கிடையாது. அணைத்துவிட்டு விளக்கைப் பார்க்க வேண்டும், கை வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு எல்லாம் திறந்து கிடக்க வேண்டும். அந்தப் பழக்கத்தையே லேப்டாப்புக்கும் கொண்டுவந்துவிட்டார். சங்கரபாண்டியின் லேப்டாப்பை மூன்று தடவையும் திறந்துவைத்தே அணைத்தார், திறந்துவைத்தே சோதித்தார். மூடியது எப்போதும் சங்கரபாண்டிதான். மூடும்போது பொத்தானுக்கு நேரே என்ன இருக்கிறது என்று யோசித்தபோது, தான் ஒவ்வொரு தடவையும் காகிதம் ஒட்டிப் பாதுகாத்துக் கொடுத்த பொட்டு ஞாபகம் வந்தது.

செல்லப்பாவின் லேப்டாப்பை அவசரமாக முடித்துக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். மழைக்கோட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். குடைக்கடைக்காரர் மனைவி சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு செங்கோட்டை, பண்பொழி வழியாக வடகரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

சங்கரபாண்டி அப்போதுதான் தோப்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நனைந்து நிற்கிற பெண்பிள்ளையைப் பார்த்துப் பதறி, மனைவியைத் துண்டு எடுத்துவரச் சொன்னார். ஹாஜரா பீவி துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, லேப்டாப் எங்கே என்றுதான் கேட்டார். நீங்கள் தினமும் ராத்திரி என்ன செய்வீர்களோ, அதை ஒரு தடவை என் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்றார். சங்கரபாண்டி முகம் இறுகியது. முடிந்துபோன விஷயம் என்றார். முடியவில்லை அண்ணாச்சி, நான் முடிக்கவில்லை என்றார் இவர். வீட்டுக்கு வந்த பெண்ணை மறுக்க முடியாமல் அவர் கூடத்துக்கு வந்தார். சண்முகப்பிரியா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். மெலிந்துபோயிருந்தாள்.

சங்கரபாண்டி லேப்டாப்பைத் திறந்து ஆன் செய்தார். கொஞ்சம் பொறுத்து ஷட் டவுன் கொடுத்தார். திரை இருண்டது, விளக்கு அணைந்தது. ஹாஜரா பீவி மனதுக்குள் மெச்சிக்கொண்டார். விளக்கு அணைகிறவரை காத்திருக்கிற இரண்டாவது ஆளை அன்றுதான் பார்க்கிறார். பிறகு சங்கரபாண்டி மூடியை இறக்கினார். இறக்கி, இரண்டு உள்ளங்கையையும் மேலே வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பட்டாளத்தில் டிரங்குப் பெட்டி மூடிப் பழகிய கை. துண்டை எடுத்து மேலே விரித்தார்.

எல்லோரும் மேசையை விட்டுத் தள்ளி உட்காருங்கள் என்றார் ஹாஜரா பீவி. உட்கார்ந்தார்கள். வெளியே தென்னை ஓலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து இன்னொரு சத்தம், மெல்ல, மூச்சு விடுவதுபோல வந்தது. லேப்டாப்பின் காற்றாடி சுற்றத் தொடங்கியிருந்தது. ஹாஜரா பீவி எழுந்து துண்டை எடுத்தார். பக்கவாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாரும் தொடலயே" என்றார் சங்கரபாண்டி.

"நீங்க தொட்டீங்கல்லா அண்ணாச்சி" என்றார் ஹாஜரா பீவி.

திறந்து காட்டினார். பொட்டில் படாதபடி விரலைத் தூரத்திலேயே வைத்துக்கொண்டார். பொத்தான் மேல் வெள்ளிக்கு வெள்ளி வைத்த சந்தனம், பழையது உதிராமல் அதன் மேலேயே புதியது, அதன் மேலே குங்குமம் என்று ஏறி ஏறி, காய்ந்து, துவரம்பருப்பு மாதிரி கெட்டியாக எழும்பி நின்றது. மூடியை இறக்கி அழுத்தும்போது அந்தப் பொட்டுதான் முதலில் இடிபடுகிறது, அது பொத்தானை அழுத்துகிறது. ராத்திரி ராத்திரி ஒழுங்காக அணைத்துவிட்டு, அணைத்த கையோடு அவரே ஆன் பண்ணியிருக்கிறார். சாமி படத்துக்குக் கீழே வைத்துத் துண்டும் போட்டிருக்கிறார்.

"இதுல எனக்கும் பங்கு உண்டு அண்ணாச்சி. உங்க பொட்டு கலஞ்சிரக் கூடாதுன்னு அத மட்டும் மறச்சு வச்சிட்டு, மிச்சத்தையெல்லாம் சோதிச்சேன். யாருன்னு தெரியாமலே யாரோ ஆன் பண்ணுதாங்கன்னு சொல்லிட்டேன். நிச்சயம்னும் சொன்னேன். அது தப்பு." பிறகு அடுக்களை வாசலைப் பார்த்துச் சொன்னார். "பிரியா, உன்ட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

சங்கரபாண்டி எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, பொத்தான் மேல் வைத்து ஊறவிட்டார். நகம் படாமல், குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல, தானே துடைத்து எடுத்தார். மறுபடி அணைத்தார், மூடினார், இரண்டு கையாலும் அழுத்தினார். காதை வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"நான்தாம்ட்டி தப்பா நெனச்சிட்டேன்" என்றார்.

சண்முகப்பிரியா அப்போதும் அழவில்லை. "மிஷின்ல தெரிஞ்ச பெறவு நம்புதீங்க. தெரியாம இருந்தப்ப ஏம்ப்பா நம்பல?" என்று கேட்டாள்.

பட்டாளத்துக்காரர் எதற்கும் உடனே பதில் சொல்லிப் பழகியவர். இந்தத் தடவை கையிலிருந்த ஈரத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வெளியாள் ஒருத்தி நனைந்த துணியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் மறந்துபோனார் போலிருக்கிறது.

"பயம்ட்டி" என்றார். "அவ்வளவு தூரம் போயிருவியேன்னு பயம். வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் தேடிட்டே இருந்தேன். இது கெடச்சிட்டு. உடனே பிடிச்சிக்கிட்டேன்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் அழுதாள். ஆனந்தவள்ளி சேர்ந்து அழுதார். சங்கரபாண்டி ஏணியை எடுத்துவந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினார், அதன் மேலிருந்த தூசியைத் தன் தோள் துண்டாலேயே தட்டினார். ஹாஜரா பீவி எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினார். கண்ணீர் மறைத்ததில் ஒரு செருப்பு உடனே கிடைக்கவில்லை. ஆனந்தவள்ளி ஓடிவந்து, ஒரு வாய் காபி குடிக்காமல் போகக்கூடாது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சண்முகப்பிரியா இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். லேப்டாப்பும் அவளோடுதான் இருக்கிறது. அதை யார் அணைப்பது என்ற கேள்வியை அந்த வீட்டில் பிறகு யாரும் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று சங்கரபாண்டி அதற்குப் பொட்டு வைத்தார், மூடியின் வெளிப்பக்க மூலையில், சின்னதாக. லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் மாடி ஏறி ஹாஜரா பீவியைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். அப்பாவும் சில நேரம் கூட வருகிறார். போன தடவை வந்தபோது அவர் நடுவிலிருக்கிற நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு ஏறியதாகக் கேள்வி.

ஹாஜரா பீவி இப்போது எந்த லேப்டாப்பையும் சரிசெய்த பிறகு, அணைத்து, மூடி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். பொட்டுக்குக் காகிதம் ஒட்டுகிற வழக்கத்தை விட்டுவிடவில்லை. பொத்தான் மேல் இருந்தால் மட்டும், இதை நீங்களே கொஞ்சம் இடம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறார். மனம் கோணாமல் சொல்ல அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. லேப்டாப் ஷட் டவுன் ஆகவில்லை என்று யாராவது கொண்டுவந்து வைத்தால், முன்னெல்லாம் எத்தனை வருடத்து மிஷின், கடைசியாக எப்போது அப்டேட் பண்ணினீர்கள் என்றுதான் தொடங்குவார். இப்போது பையைத் திறப்பதற்கு முன்பே வேறொன்று கேட்கிறார்.

"இதுக்காக வீட்டுல யாரையும் ஏசிட்டீங்களா?"

ஆமாம் என்று சொன்னால், மேசையில் கிடக்கிற மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அந்த லேப்டாப்பை முதலில் எடுக்கிறார்.